குற்றாலச் சாரலும் அப்பாவின் புல்லட்டும்: பழைய பைக்குக்கு பெட்ரோல் டேங்க் மாற்றும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

திருநெல்வேலியில் கிளம்பும்போது பழைய புல்லட் ஜம்முனு ஓடும். ஆலங்குளம், பாவூர்சத்திரம், தென்காசி என எங்கேயும் மக்கர் பண்ணாது. குற்றாலத்தில் ஒரு குளியல், பார்டரில் ஒரு புரோட்டா. அதற்குப் பிறகு செங்கோட்டையைத் தாண்டி, புளியரையில் இருந்து கேரளா பக்கம் மலை ஏறும்போதுதான் பிரச்சினை ஆரம்பிக்கும். இரண்டு இருமல், ஒரு தும்மல், வண்டி நின்றுவிடும்.

ஓரமாகத் தள்ளி நிறுத்திவிட்டுப் பார்த்தால் டேங்கில் பெட்ரோல் இருக்கிறது. பிளக்கில் தீப்பொறியும் வருகிறது. வண்டியைத் திருப்பிக் கீழே உருட்டி சமதளத்துக்குக் கொண்டு வந்தால், உதைத்ததும் ஸ்டார்ட் ஆகிறது. "என்ன அண்ணாச்சி, மேட்டைக் கண்டா மட்டும் பயப்படுதே?" என்று கூட வந்தவர்கள் கிண்டல் அடிப்பார்கள்.

பெரும்பாலானவர்கள் முதலில் சந்தேகப்படுவது பிளக்கை, அடுத்து கார்புரேட்டரை. டேங்கை யாரும் சந்தேகப்படுவதில்லை. வெளியே பளபளவென்று பெயிண்ட் மின்னும்போது உள்ளே துரு இருக்கும் என்று தோன்றாதுதான். ஆனால் பழைய வண்டிகளின் பல கோளாறுகள் அங்கேதான் தொடங்குகின்றன.

டேங்க் மாற்றுவது என்றாலே பெயிண்ட், ஸ்டிக்கர், லுக் என்றுதான் பேச்சு போகிறது. உண்மையில் இது பாதுகாப்பு சம்பந்தப்பட்ட வேலை. வரிசை மாறினால் பணமும் போகும். சில சமயம் உயிருக்கே ஆபத்து.

மேட்டில் மட்டும் ஏன் நிற்கிறது?

பெட்ரோலை விடத் தண்ணீர் கனமானது. டேங்குக்குள் ஒரு மூடி அளவு தண்ணீர் போனாலும் அது பெட்ரோலோடு கலக்காமல் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். துருத் துகள்களும் அப்படித்தான்.

பழைய பைக்குகளின் பெட்ரோல் டேப்பில் இரண்டு வழிகள் உண்டு. 'ஆன்' நிலையில், சற்று உயரமாக நிற்கும் சிறு குழாய் வழியாக மேல்மட்டத்தில் உள்ள பெட்ரோல் இறங்கும். 'ரிசர்வ்' நிலையில், அடிமட்டத்தில் இருப்பது இறங்கும். 'ஆன்'ல் நன்றாக ஓடிய வண்டி, 'ரிசர்வ்' போட்டதும் திணறுகிறது என்றால் அடியில் தண்ணீரோ துருவோ இருக்கிறது என்று அர்த்தம்.

மலையேற்றத்தில் வண்டியின் மூக்கு மேலே தூக்குகிறது. அடியில் கிடக்கும் தண்ணீர் டேங்கின் பின்பக்கம் ஓடுகிறது. டேப் பின்பக்கமாக இருக்கும் வண்டிகளில் அது நேராக டேப் வாயில் போய் நிற்கும். கார்புரேட்டருக்குப் பெட்ரோலுக்குப் பதில் தண்ணீர் போகும். சமதளத்துக்கு வந்ததும் தண்ணீர் மறுபடி பரவிவிடும், வண்டியும் ஓடும். புளியரை மேட்டில் நடப்பது இதுதான்.

தென்காசியில் ஏன் இது கூடுதல் தொல்லை?

ஜூன் முதல் செப்டம்பர் வரை, தென்மேற்குப் பருவக்காற்று ஆரியங்காவு கணவாய் வழியாகச் செங்கோட்டை, குற்றாலம், தென்காசி பக்கம் ஈரத்தை அள்ளிக்கொண்டு வருகிறது. பெருமழையாகக் கொட்டாமல், நாள் முழுக்கச் சாரல், இடையிடையே சுள்ளென்று வெயில். குளிக்க வருபவர்களுக்கு இது சொர்க்கம். பாதி காலியாகக் கிடக்கும் இரும்பு டேங்குக்கு அப்படி இல்லை.

டேங்க் மூடியில் காற்று போய்வர ஒரு சிறு வழி இருக்கும். பகலில் சூடாகும்போது உள்ளே இருக்கும் காற்று வெளியேறும். இரவில் குளிரும்போது வெளியே இருக்கும் ஈரக்காற்று உள்ளே நுழையும். அந்த ஈரம் உட்சுவரில் வியர்வை போலப் படியும். பெட்ரோல் தொடாத மேல்பகுதியில் துரு பிடிக்கும். சொட்டுச் சொட்டாக அடியில் தண்ணீர் சேரும்.

மூடியின் ரப்பர் காய்ந்து வெடித்திருந்தால், அருவிக்கரை பார்க்கிங்கில் நிற்கும்போது விழும் சாரல் நேரடியாகவே உள்ளே இறங்கும்.

எத்தனால் என்ன செய்கிறது?

20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் 2023 பிப்ரவரியில் தேர்ந்தெடுத்த பங்க்குகளில் அறிமுகமானது. 2030-ல் எட்ட நினைத்த 20 சதவீத இலக்கை மத்திய அரசு 2025-க்கே முன்னுக்கு இழுத்தது. இன்று சாதாரண பங்க்கில் கிடைப்பது பெரும்பாலும் இதுதான்.

எத்தனாலுக்குத் தண்ணீர் என்றால் ரொம்பப் பிடிக்கும். கொஞ்சம் ஈரம் இருந்தால் அதைத் தன்னோடு கரைத்துக்கொள்ளும். தினமும் ஓடும் வண்டியில் அந்த ஈரம் பெட்ரோலோடு சேர்ந்து எரிந்து போய்விடும். ஆனால் மாதக்கணக்கில் நிற்கும் வண்டியில் ஈரம் ஓர் அளவைத் தாண்டினால், எத்தனாலும் தண்ணீரும் கைகோத்துக்கொண்டு பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் இறங்கிவிடும். அந்தக் கலவை இரும்பை அரிக்கும், பழைய ரப்பரை ஊற வைக்கும்.

எத்தனால் வந்த பிறகுதான் டேங்க் துருப்பிடிக்கிறது என்பது சரியல்ல. அதற்கு முன்பும் பிடித்தது. எத்தனால் அதை விரைவுபடுத்துகிறது, அவ்வளவுதான். பழைய வாகனங்களில் சில ரப்பர் பாகங்கள், கேஸ்கெட்டுகளை மாற்ற வேண்டி வரலாம் என்று பெட்ரோலிய அமைச்சகமே 2025 ஆகஸ்ட்டில் கூறியது.

பழைய டேங்கைக் காப்பாற்ற முடியாதா?

பல நேரங்களில் முடியும். முடிந்தால் அதுதான் நல்லது.

புல்லட்டுக்கு டேங்க்தான் முகம். 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸுடன் சேர்ந்து இங்கிலாந்தின் ரெட்டிச் ஊர் நிறுவனம் 'என்ஃபீல்டு இந்தியா'வைத் தொடங்கியது. சென்னை திருவொற்றியூரில் உருவான புல்லட்டுகளின் டேங்க்குகளில் அந்தத் தங்கக் கோடுகளைக் கையாலேயே இழுத்தார்கள். ஸ்கேல் இல்லை, ஸ்டிக்கர் இல்லை, தூரிகையும் கைப்பழக்கமும்தான். அப்படி ஒரு டேங்க் வீட்டில் இருந்தால், அவசரப்பட்டுத் தூக்கிப் போட வேண்டாம்.

முடிவெடுக்க ஓர் எளிய சோதனை: டேங்கைக் காலி செய்து, எல்.இ.டி. டார்ச்சால் உள்ளே பாருங்கள். செல்போன் டார்ச் போதும்; ஆனால் போனை டேங்க் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோகாமல் தள்ளிப் பிடியுங்கள்.

• உள்ளே செம்மண் தூவியது போல மெல்லிய துரு மட்டும் இருந்தால், சுத்தம் செய்து பயன்படுத்தலாம்.

• துரு செதில் செதிலாக உரிந்து வந்தால், அனுபவமுள்ளவரிடம் காட்ட வேண்டும்.

• அடிப்பக்க மடிப்பில் பெயிண்ட் கொப்பளித்திருந்தால், அல்லது அங்கே பெட்ரோல் கசிந்த கறை தெரிந்தால், தகடு உள்ளிருந்தே மெலிந்துவிட்டது என்று அர்த்தம். இதற்கு மாற்று டேங்க்தான் வழி.

ஓட்டைக்கு மேல் எம்-சீல் அப்பி ஓட்டுவது வீடு போய்ச் சேர உதவலாம். அதை நிரந்தரத் தீர்வாக நினைத்துவிடக் கூடாது. கீழே இருப்பது கொதிக்கும் இன்ஜின்.

காலி டேங்க்தான் ஆபத்தானது

"டேங்க் காலிதானே, ஒரு சின்ன வெல்டிங் அடிச்சிரலாம்" என்ற பேச்சைப் பட்டறைகளில் கேட்கலாம். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதாக இருந்தால், அது இதுவாக இருக்கட்டும்: நிரம்பிய டேங்கை விடக் காலி டேங்க் ஆபத்தானது.

எரிவது திரவ பெட்ரோல் அல்ல, அதன் ஆவி. காற்றில் அந்த ஆவி சுமார் 1.4 முதல் 7.6 சதவீதம் வரை கலந்திருந்தால் ஒரு பொறி போதும், வெடிக்கும். நிரம்பிய டேங்கில் அந்த ஆவியோடு சேர்ந்து எரியப் போதுமான காற்று இருக்காது. காலி டேங்கில் இரண்டும் இருக்கும். 14 லிட்டர் டேங்கை அந்த நிலைக்குக் கொண்டுவர ஒரு டீஸ்பூன் பெட்ரோல்கூட வேண்டாம். மடிப்புகளில் ஒட்டியிருக்கும் ஈரமே போதும்.

வாசனை போய்விட்டது என்பதும் பாதுகாப்பு அல்ல. சூடுபட்டால் மடிப்புகளிலும் துருவுக்குள்ளும் இருப்பது மறுபடி ஆவியாகும். டேங்க் வெல்டிங் என்பது, முழுமையாகக் கழுவி ஆவியை வெளியேற்றும் முறை தெரிந்தவர்கள் மட்டும் செய்ய வேண்டிய வேலை. தெருமுனைக் கடையில் "ஒரு நிமிஷ வேலை" என்றால், வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்துவிடுவது நல்லது.

மாற்று டேங்க்: வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும்?

தென்காசி, திருநெல்வேலி ஸ்பேர்ஸ் கடைகளில் சொல்லி வைத்து வாங்கலாம். சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையும், பழைய உதிரிபாகங்களுக்குப் பெயர்பெற்ற புதுப்பேட்டையும் உண்டு. எங்கே வாங்கினாலும், பழைய டேங்கையோ அதன் அளவுகளையோ கையில் வைத்துக்கொண்டு போவது நல்லது.

'புல்லட் டேங்க்' என்று கேட்டால் மட்டும் போதாது. கார்புரேட்டர் வைத்த பழைய காஸ்ட் அயர்ன் இன்ஜின் வண்டிக்கும், இன்ஜெக்‌ஷன் வந்த பிறகான வண்டிக்கும் டேங்க் வேறு. இன்ஜெக்‌ஷன் டேங்கின் அடியில் பெட்ரோல் பம்புக்கு என்று பெரிய துளை இருக்கும். ஜாவா, எஸ்டி, ராஜ்தூத், ஆர்எக்ஸ்100 என்று எந்த வண்டியாக இருந்தாலும் மாடலும் ஆண்டும் சொல்லிக் கேளுங்கள்.

ஒப்பிட வேண்டியவை: முன், பின் போல்ட் துளைகளுக்கு இடையே உள்ள தூரம், சேசிஸ் குழாய் மேல் உட்காரும் அடிப்பக்கக் குழிவின் அகலம், டேப் மாட்டும் மரையின் அளவு, மூடி பொருந்தும் வாய், முழங்கால் ரப்பர், பேட்ஜ் துளைகள்.

ஃபைபர் டேங்க் எடை குறைவு, துருப்பிடிக்காது என்று சொல்லி விற்பார்கள். ஆனால் பழைய வகை ஃபைபர் பிசினை எத்தனால் இளக்கிவிடும். இளகிய பிசின் கார்புரேட்டர் வழியாக இன்ஜின் வரை போய் ஒட்டிக்கொள்ளும். எத்தனால் தாங்கும் என்ற உறுதி இல்லாவிட்டால் இரும்பு டேங்கே நல்லது.

பொருத்துவது எப்படி? படிப்படியாக...

1. இடம்: திறந்தவெளியில் செய்யுங்கள். பெட்ரோல் ஆவி காற்றை விடக் கனமானது. தரையோடு ஊர்ந்து போகும். வராண்டாவில் கழற்றினால், உள்ளே எரியும் பூஜை விளக்கையோ அடுப்பையோ அது தேடிப் போகும். வண்டி நன்றாக ஆறிய பிறகு தொடங்குங்கள். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிடுங்கள்.

2. காலி செய்தல்: டேப்பை மூடி, ஹோஸைக் கழற்றி, பெட்ரோலை மூடியுள்ள கேனில் பிடியுங்கள். வாளியும் தண்ணீர் பாட்டிலும் வேண்டாம்.

3. போட்டோ: சீட்டைக் கழற்றியதும், டேங்க் போல்ட்டுகளைத் தொடுவதற்கு முன் நான்கு பக்கமும் போட்டோ எடுங்கள். எந்த ரப்பர் வாஷர் எந்தப் பக்கம், எந்த கேபிள் எதற்கு அடியில் என்பதெல்லாம் பிறகு நினைவில் இருக்காது. கழற்றிய நட்டு, போல்ட்டுகளைத் தனித்தனி கவரில் போட்டு வையுங்கள்.

4. வெறும் டேங்கை வைத்துப் பார்த்தல்: பலர் தவறவிடும் படி இது. பெயிண்ட் அடிக்கும் முன்பே, புதிய டேங்கை வண்டியில் ரப்பர்களோடு மாட்டிப் பாருங்கள். ஹேண்டில்பாரை இடது கடைசிக்கும் வலது கடைசிக்கும் திருப்புங்கள். டேங்கில் இடிக்கிறதா? கிளட்ச், ஆக்சிலேட்டர் கேபிள்கள் நசுங்குகின்றனவா? வயரிங் மேல் தகடு உட்கார்ந்திருக்கிறதா?

போல்ட் துளை சிறிது தள்ளி இருந்தால் கடப்பாரையால் நெம்பி மாட்டக் கூடாது. ஒற்றை சிலிண்டர் வண்டியின் அதிர்வில், இழுத்துப் பிடித்து மாட்டிய டேங்கின் பிராக்கெட் ஓரம் சீக்கிரம் கீறல் விடும். இரும்பும் இரும்பும் நேராகத் தொடக் கூடாது, நடுவில் ரப்பர் வேண்டும். ரப்பர் தட்டையாகிப் போகும் அளவுக்கு முறுக்கவும் வேண்டாம்.

5. கசிவுச் சோதனை: இதுவும் பெயிண்டுக்கு முன்புதான். பட்டறைகளின் பழைய வழி ஒன்று உண்டு. வெளிப்பக்க மடிப்புகளில் சாக்பீஸ் பொடியைக் குழைத்துத் தடவிக் காயவிடுவார்கள். டேங்கில் கொஞ்சம் மண்ணெண்ணெய் ஊற்றி, ஒவ்வொரு பக்கமாகச் சாய்த்து வைப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத ஓட்டை இருந்தாலும் வெள்ளையில் ஈரக்கறை காட்டிக்கொடுத்துவிடும். கம்ப்ரஸர் காற்றைப் பிடித்துச் சோதிக்க வேண்டாம்; டேங்க் உப்பிக்கொள்ளும்.

6. உட்புறச் சுத்தம்: புது டேங்க் என்றால் உள்ளே சுத்தம் என்று நம்பிவிடக் கூடாது. எண்ணெய்ப் பூச்சு, வெல்டிங் துகள், இரும்புத் தூள் எல்லாம் இருக்கலாம். மண்ணெண்ணெய் விட்டுக் குலுக்கி, வெள்ளைத் துணியில் வடிகட்டுங்கள். துணியில் எதுவும் தங்காத வரை தொடருங்கள்.

7. இப்போது பெயிண்ட்: பெயிண்டரிடம் கொடுக்கும்போது டேப் மரை, மூடி வாய், போல்ட் துளைகளை அடைத்துக் கொடுங்கள். மரையில் பெயிண்ட் ஏறினால் டேப் சரியாக உட்காராது. உள்ளே போகும் உப்புத்தாள் தூசி கார்புரேட்டர் ஜெட்டை அடைக்கும்.

8. புது ரப்பர்கள்: புது டேங்கில் பழைய டேப் வாஷரையும் காய்ந்த ஹோஸையும் மாட்டுவது புதுச் சட்டைக்குக் கிழிந்த காலர் வைப்பது மாதிரி. வாஷர், ஹோஸ், கிளிப், ஃபில்டர், மூடி ரப்பர் ஐந்தையும் மாற்றுங்கள். 'எத்தனால் தாங்கும்' ஹோஸ் என்று கேட்டு வாங்குங்கள். ஹோஸ் மடங்காமல், சிலிண்டரைத் தொடாமல் போக வேண்டும்.

9. முதல் நிரப்பல்: ஃபுல் டேங்க் போடத் தோன்றும். வேண்டாம். முதலில் இரண்டு லிட்டர் மட்டும். அரை மணி நேரம் காத்திருந்து, டேப்பிலும் ஹோஸ் முனைகளிலும் விரல் வைத்துப் பாருங்கள். உலர்ந்திருந்தால் பேட்டரியை இணைத்து ஸ்டார்ட் செய்து, 'ஆன்', 'ரிசர்வ்' இரண்டிலும் ஓட்டிப் பாருங்கள். சில நாள் ஓட்டிய பிறகு ஃபில்டரையும் போல்ட்டுகளையும் மறுபடி பாருங்கள்.

எல்லாம் சரி, ஆனாலும் சில கிலோமீட்டரில் நின்றுவிடுகிறதா?

வண்டி நின்றதும் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். 'புஸ்' என்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டு, பிறகு வண்டி ஸ்டார்ட் ஆனால், மூடியில் உள்ள காற்று வழி அடைபட்டிருக்கிறது. பெட்ரோல் இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று போக வேண்டும். போகாவிட்டால் பெட்ரோலும் இறங்காது. புது மூடியிலும், பெயிண்ட் படிந்த பழைய மூடியிலும் இது நடக்கும். டேங்க் மேல் பழி போடுவதற்கு முன் இதைப் பார்த்துவிடுங்கள்.

ஆர்.சி.யில் சிக்கல் வருமா?

வண்டியின் அடையாளம் சேசிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும்தான். அதனால் அதே மாடல் டேங்கை மாற்றுவது மட்டும் அடையாளத்தை மாற்றாது. ஆனால் ஆர்.சி.யில் நிறமும் பதிவாகியிருக்கும். கறுப்பு வண்டியை மெரூன் ஆக்கினால், உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவித்துத் திருத்திக்கொள்ள வேண்டும். தென்காசியின் 'டி.என். 76' வண்டிக்கும் இதே விதிதான். 15 ஆண்டு முடிந்த சொந்த வண்டிகளுக்கு 5 ஆண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கும்போது வண்டியை நேரில் காட்ட வேண்டும் என்பதால், நிறம் ஒத்துப்போகாவிட்டால் அங்கே கேள்வி வரும்.

பேச்சு வழக்கில் 1980-களின் வண்டியையும் 'வின்டேஜ்' என்கிறோம். சட்டப்படி அப்படி இல்லை. 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதிகளின்படி, 50 ஆண்டுகளைக் கடந்து, சேசிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் இல்லாமல் பராமரிக்கப்படும் வண்டிதான் வின்டேஜ். அதற்கு 'வி.ஏ.' என்ற எழுத்துகளோடு தனிப் பதிவு எண் உண்டு. ஆனால் அப்படிப் பதிவு செய்தால் கண்காட்சி, பேரணி, பராமரிப்பு போன்ற காரணங்களுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம். தினமும் ஆபீஸ் போக முடியாது. அப்பாவின் வண்டியில் ஊர் சுற்ற வேண்டும் என்றால் சாதாரணப் பதிவே வசதி.

புது டேங்கைக் காப்பது எப்படி?

• வண்டி சில வாரம் நிற்கும் என்றால் டேங்கை நிரப்பி வையுங்கள். காற்றுக்கு இடம் குறைந்தால் ஈரத்துக்கும் இடம் குறையும்.

• பல மாதம் நிற்கும் என்றால் முழுக்கக் காலி செய்து, உட்சுவர் முழுக்கப் படும்படி கொஞ்சம் இன்ஜின் ஆயிலைச் சுழற்றிவிட்டு மூடி வையுங்கள். மறுபடி எடுக்கும்போது கழுவிவிடலாம்.

• சீசனில் குற்றாலம் போனால், நிறுத்தும்போது டேங்க் மூடி மேல் ஒரு ரெயின் கவர் போதும். வாட்டர் சர்வீஸில் மூடியை நோக்கித் தண்ணீர் பீய்ச்ச விடாதீர்கள்.

• பருவம் முடிந்ததும் கார்புரேட்டர் அடிக்கிண்ணத்தில் இருப்பதை ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பாருங்கள். அடியில் தனி அடுக்காகக் குமிழிகள் தெரிந்தால், அது தண்ணீர். ஆரம்பத்திலேயே வடித்துவிட்டால், அடுத்த வருடம் புளியரை மேட்டில் வண்டி தள்ள வேண்டி வராது.

கடைசியாக ஒன்று. புது டேங்க் மாட்டிய உற்சாகத்தில் பழையதைப் பழைய இரும்புக் கடைக்கு எடைக்குப் போட்டுவிடாதீர்கள். நன்றாகக் காயவைத்து, உள்ளே ஆயில் தடவி, துணியில் சுற்றிப் பரணில் வையுங்கள். ஓட்டை விழுந்த தகட்டை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைக்கத் தெரிந்த ஒரு நல்ல கை, என்றைக்காவது கிடைக்கலாம். அதன் மேல் கையால் இழுத்த கோடு இன்னும் இருக்கிறது.